இரண்டாவது செம்பு

என் கண்ணு சண்முகத்துக்கு, உன் நைனா தன் கையாலேயே எழுதுவது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதுதான், நன்றாகவே இருக்கிறது. நீ சித்தூரில் தங்கிப் படித்த காலத்தில் உனக்கு வந்த கடிதங்களில் பாதி நான் சொன்னது. மீதி, தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவர் தாமே சேர்த்தது. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்றுதான் அவர் ஆரம்பிப்பார். வீட்டில் காய்ச்சல் என்றாலும் க்ஷேமம், கூரை பறந்தாலும் க்ஷேமம். இப்போது சத்திரத்து முதியோர் பள்ளியில் நானே எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். இவ்விடம் க்ஷேமம் இல்லை. நீ ரயில் ஏறிப் போனதிலிருந்து உன் அம்மா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

அன்றைக்குக் காலையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். புதுக் காக்கி நிஜார் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாய். நம் ஜில்லா இல்லை, வேலூர்தான் என்றாலும், நம் வீட்டுப் பிள்ளை பால் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான் என்று தெருவே வந்து பார்த்துப் போயிருந்தது. உன் அம்மா எப்போதும் போலச் செம்பில் ஒரு கை தண்ணீர் விட்டுச் சுழற்றிவிட்டு நம் எருமை சுட்டியின் மடிக்குக் கீழே உட்கார்ந்தாள். அதை நீ பார்த்தாய். "இன்னாமா இது, பால் இன்ஸ்பெக்டர் வூட்லயே தண்ணியா? எவனாவது எழுதிப் போட்டா என் வேலைக்கு வந்து சேரும்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்து அவள் சிரித்தாள். அந்தப் பாலில்தான் காப்பி போட்டு, சர்க்கரை கிடைக்காத நாளில் எங்கோ கடன் வாங்கிய சர்க்கரையைப் போட்டு, உன் கையில் கொடுத்தாள். நீ வாங்கி, குடிக்காமல், பெட்டிமேல் வைத்துவிட்டு, "தண்ணிப் பாலு எனக்கு வேணாம்மா" என்றாய். பிறகு வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாய். அந்தக் காப்பி ஆறி ஆடை படியும்வரை அவள் அதை எடுக்கவே இல்லை. அப்புறம் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும், "நான் கறந்தா தண்ணிப் பாலு. நீங்களே கறந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். சுட்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இந்த ஆள் இங்கே எதற்கு என்கிற மாதிரியான பார்வை. ஒரு உழக்குக்கு மேல் விடவில்லை. சர்க்கார் டிப்போவுக்கு அன்றைக்குப் பால் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. டிப்போவில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். யுத்தம் முடிந்தாலும் கண்ட்ரோல் முடியவில்லை என்பது உனக்கே தெரியும். டிப்போவுக்குப் பால் ஊற்றினால்தான் புண்ணாக்குக்குப் பர்மிட். பால் நின்றால் பர்மிட் நிற்கும், பர்மிட் நின்றால் புண்ணாக்கு நிற்கும், அப்புறம் சுட்டியும் நம் வீட்டில் நிற்காது. உன் அம்மாவுக்கும் இது தெரியும். தெரிந்தும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நீ வைத்துவிட்டுப் போன டம்ளர் அவ்வளவு கனம் என்று வைத்துக்கொள்.

அதனால் உனக்குத் தெரியாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அப்போதே எழுதியிருப்பேன். தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுவதும் பேசியிருக்கும். அதனால் அப்போதும் உனக்கு க்ஷேமம் என்றே வந்தது.

யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. நம்முடையது சித்தூர் ஜில்லா, அரக்கோணம் வட ஆற்காடு. ரயில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதற்குள் ஜில்லா மாறிவிடும். கடலைப் புண்ணாக்கு ஜில்லா விட்டு ஜில்லா போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. செக்கு அந்தப் பக்கம், எருமை இந்தப் பக்கம். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கும் பட்டணத்துக்கும் பால் வேண்டும் என்பதால், கறவையில் இருக்கும் எருமைகளுக்கு மட்டும் பர்மிட் கொடுத்தார்கள். அந்தப் பர்மிட்டில் எருமையின் அடையாளம் எழுதியிருக்கும். நம்முடையதில் 'நெற்றியில் வெள்ளைச் சுட்டி' என்று எழுதியிருந்தது. வற்றிய எருமைக்குப் புண்ணாக்கு இல்லை. புண்ணாக்கு இல்லாத எருமையை வெறும் வைக்கோலில் எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? வைக்கோலும் அப்போது தங்கம். எந்த வீட்டில் பர்மிட் நிற்கிறதோ அந்த வீட்டு வாசலில் பட்டாளத்து இறைச்சிக் காண்டிராக்டரின் ஆள் வந்து நிற்பான். அவன் யாரையும் அதட்ட மாட்டான், சும்மா நிற்பான். அதுதான் பயம்.

அந்த ஈற்றில் சுட்டியின் கன்று செத்துப்போயிற்று. கன்று முட்டாமல் எருமை பால் இறக்காது என்பது எருமை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். சில பேர் தோலில் வைக்கோல் அடைத்துக் கன்று மாதிரி நிறுத்துவார்கள். உன் அம்மா அதற்கு ஒப்பவில்லை. செத்த பிள்ளையைக் காட்டியா அதனிடம் பால் வாங்குவது என்றாள். அவளே ஒரு வழி பண்ணினாள். நம் தெருவில் எந்த வீட்டிலும் காய்ந்த செம்பில் கறக்க மாட்டார்கள். காய்ந்த செம்பு மடியைக் காய வைக்கும் என்பார்கள், கழுவிய செம்பில் ஒரு கை தண்ணீராவது இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுட்டியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துச் சுழற்றுவாள். பித்தளையில் தண்ணீர் உரசும் சத்தம் வரும். அதைக் கேட்கவைத்துவிட்டு, ஈரக் கையால் மடியை நீவுவாள். பல நாள் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் ஒருநாள் அந்தச் சத்தத்துக்கே பால் இறக்கியது. கன்று செய்ய வேண்டியதைச் செம்பு செய்தது. அந்தப் பாலில்தான் உனக்குச் சித்தூரில் சாப்பாடு நடந்தது. அதைச் சொல்லிக் காட்ட இதை எழுதவில்லை. எழுதும்போது தானாக வந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். இந்தத் தெருவில் வற்றிய எருமைகளைக் கறவை என்று காட்டிப் புண்ணாக்கு வாங்கி ஜில்லா தாண்டி விற்கிறார்கள், டிப்போவுக்குப் போகும் பாலெல்லாம் வெளியில் வாங்கித் தண்ணீர் கலந்தது என்று. இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து கறக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தவன் சும்மா இருந்தால் தப்பிப்பான், வேலை செய்தால் மாட்டிக்கொள்வான். நான் வேலை செய்தேன். சர்க்கார் வருகிறதே, எருமை லட்சணமாக இருக்க வேண்டாமா என்று சுட்டியைக் குளத்தில் தேய்த்துக் குளிப்பாட்டி, விளக்கெண்ணெய் பூசி, கொம்புக்குக் காவி அடித்து, நெற்றி நிறைய மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பெரிய குங்குமப் பொட்டும் வைத்தேன். கொட்டகை இருட்டாக இருக்கிறது என்று வாசலில் வேப்பமரத்தடியில் கட்டினேன். உன் அம்மா வயலில் புல் அறுத்துவிட்டு வந்து பார்த்து, "மாட்டுப் பொங்கல் போயி எத்தினி மாசம் ஆச்சு? இன்னா வேலை செஞ்சிகீறீங்க?" என்றாள். பக்கத்து வீட்டு முனுசாமி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா மாமா, சுட்டிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்களா?" என்றான். நான் அவனை முறைத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

வயது ரொம்ப இல்லை. வெயிலில் வந்த முகம். பர்மிட்டை வாங்கிப் படித்தார், எருமையைப் பார்த்தார், மறுபடி பர்மிட்டைப் பார்த்தார். "நெத்தியில வெள்ளைச் சுட்டின்னு போட்டுகீதே. எங்கய்யா சுட்டி?" என்றார். அடையாளத்தின் மேலேயே மஞ்சளை அப்பி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பண்டிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாட்டை மாத்திக் கட்டிட்டு மஞ்சளைப் பூசிட்டியா?" என்றார். உன் அம்மா முந்தானையை நனைத்து எருமையின் நெற்றியைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சுட்டி வந்தது. வெள்ளையாக இல்லை, மஞ்சளாக வந்தது. இன்ஸ்பெக்டர் கிட்டப் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சரி, மாடு இதுதான். கறவையா இல்லியா, அத்த காட்டு" என்றார்.

சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து ஈயம் பூசிய ஒரு பாத்திரத்தை எடுத்தார். கைக்குட்டையால் உள்ளே துடைத்து உன் அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கியதும் கை பழக்கத்தில் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போயிற்று. "தண்ணி கூடாது" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். காய்ந்த பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். புது இடம், வெயில், பின்னால் காக்கித் துணி, வேலியில் முனுசாமியின் தலை. எல்லாவற்றையும் விட, காதில் விழ வேண்டிய சத்தம் விழவில்லை. சுட்டி கால் மாற்றி நின்றது. உன் அம்மா நீவினாள், தடவினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பாத்திரத்தின் அடி கூட நனையவில்லை. நான் தலையைத் திருப்பினேன். காண்டிராக்டரின் ஆள் தெருமுனையில் புளியமரத்து நிழலில் நின்றிருந்தான். அவனுக்கு யார் சொன்னார்களோ.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். உன் அம்மா எழுந்து நின்று, "சாமி, எழுதாதீங்க. தண்ணி இல்லாம இது பாலு வுடாது" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தத்தாம்மா அந்தக் கடுதாசியிலயும் எழுதிகீறான். தண்ணி இல்லாம இந்தத் தெருவுல பாலு கிடையாதுன்னு. நீயே உன் வாயால சொல்லிட்ட" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் முனுசாமிகூடச் சிரிக்கவில்லை. நான் அவர் காலில் விழப் போனேன். உன் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "கால்ல வுழுந்தா பாலு வந்துடுமா?" என்றாள் என்னிடம். அப்புறம் அவரிடம், கன்று செத்ததையும், தோல் கன்று வைக்காததையும், சத்தம் காட்டிப் பழக்கியதையும் சொன்னாள். அழவில்லை. ரேஷன் கடையில் நின்று முறை கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பேனா திறந்தபடியே இருந்தது. அந்தப் பேனாவின் முள்ளை நான் பார்த்த மாதிரி எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. எழுதத் தெரியாதவனுக்குப் பேனா எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது உனக்குத் தெரியாது. நீ சின்ன வயதிலேயே பிடித்துவிட்டாய்.

அவர் பேனாவை மூடினார். மண்டியிட்டு உட்கார்ந்து மடியைப் பார்த்தார். நிறைந்திருக்கிற மடிக்கும் வற்றிய மடிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சத்தந்தானே வேணும்?" என்றார். "ஆங், சத்தமும் ஈரக் கையும்" என்றாள் உன் அம்மா. "அப்ப உங்க செம்புல தண்ணிய ஊத்தி இவரு தலைமாட்டுல நின்னு சுத்தட்டும். நீ கையை நனைச்சுகினு துணியில ஒத்திக்கோ. தண்ணி உங்க செம்புல. பாலு என் பாத்திரத்துல. ஒரு சொட்டு இங்கேயிருந்து அங்க போவக்கூடாது. எனக்குச் சட்டமும் கெடக்கூடாது" என்றார். மாட்டை முதலில் கொட்டகையில் கட்டச் சொன்னார். தானும் பின்னாலிருந்து விலகி, எருமை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சுவரோரமாக நின்றுகொண்டார்.

நான் சுழற்றினேன். வேகமாகச் சுழற்றியதில் சத்தம் சரியாக வரவில்லை. உன் அம்மா கீழேயிருந்து, "மெதுவா, அது இன்னா நெருப்பா அணைக்கிறீங்க?" என்றாள். மெதுவாகச் சுழற்றினேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. அவர் வாட்சைப் பார்க்கவில்லை. அப்புறம் சுட்டியின் காது என் பக்கம் திரும்பியது. ஒரு பெருமூச்சு விட்டது. கீழே காய்ந்த ஈயத்தில் முதல் பால் பீச்சு விழுந்த சத்தம், சண்முகம், மலைமேல் கோயில் மணி அடித்தால்கூட எனக்கு அப்படிக் கேட்டதில்லை. நுரை பொங்கி விளிம்புக்கு வரும்வரை கறந்தாள். அவர் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற கருவியைப் போட்டுப் பார்த்தார், ஏதோ எழுதினார், பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தார். புளியமரத்தடியில் நின்றவன் போய்விட்டான். உன் அம்மா அந்தப் பாலிலேயே ஒரு டம்ளர் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவர் இரண்டு கையையும் குவித்து, "கையெழுத்துப் போடற வூட்டுல நான் குடிக்கக் கூடாதும்மா. இந்த வேலை போனப்புறம் ஒருநாள் வந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவரும் நம் வீட்டில் குடிக்கவில்லை, பார்த்துக்கொள். நீயும் குடிக்கவில்லை. குடிக்காததைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு உன் அம்மா அந்தப் பாலைத் தானே குடித்துவிட்டு, நல்ல பிள்ளை என்றாள். நீ போன பிறகு முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும். நாளைக்கு நீயும் எவள் வீட்டுக் கொட்டகையிலாவது போய் நிற்பாய். எருமைக்குப் பின்னால் நிற்காதே. அது பார்க்கிற இடத்தில் நில். கன்று இருக்கிறதா, எப்போது ஈன்றது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேனாவைத் திற. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் பாதி நிஜம் எழுதுவான், அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லும். கெட்ட பால் என்று கண்டால் கொட்டத்தான் வேண்டும், ஆனால் கறந்தவள் முகத்துக்கு எதிரே சாக்கடையில் கொட்டாதே. இதற்காகக் கலக்குகிறவனை விட்டுவிடு என்று நான் சொன்னதாக நினைக்காதே. முனுசாமி மாதிரி ஆட்கள் வேலூரிலும் இருப்பார்கள். கிருத்திகைக்கு மலைக் கோயிலுக்குப் போகிற பாலில் ஒரு சொட்டு கலக்க மாட்டான், மறுநாள் டிப்போவுக்கு ஊற்றுவதில் இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துக் கலப்பான். அப்படிப்பட்டவன் கிடைத்தால் எழுது. அழுத்தி எழுது. ஒரு கை தண்ணீருக்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் சட்டத்தில் ஒரே பேர்தான். அந்தப் பேரை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்ப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நீ சொன்னதில் தப்பு இல்லை. ஒரு கையானாலும் தண்ணீர் தண்ணீர்தான். இந்த ஈற்றில் சுட்டிக்குக் கன்று பிழைத்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சத்தம் இல்லாமல் அது விடுவதில்லை. இரண்டாவது செம்பைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அன்றைக்கு அவர் போனதும் நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் தனியாகத்தானே கறந்தாள். தனியாகக் கறக்கிறவளுக்கு ஒரே செம்புதான். நீ அவளைக் கேட்டதை என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதியதை நானே படிக்க, அவள் அடுப்பை ஊதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "நெருப்பா அணைக்கிறீங்கன்னு நான் சொல்லவேயில்ல" என்றாள். சொன்னாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் நான் பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டியின் தலைமாட்டில் நின்றேன். வருவாளா என்று தெரியவில்லை. சுழற்றிக்கொண்டே இருந்தேன். கை வலிக்க ஆரம்பித்தபோது காய்ந்த செம்பைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். "இனிமே உங்க புள்ளைக்குன்னு தனியா ஒரு பாலு கறக்க மாட்டேன், சொல்லிட்டேன். அவனுக்கு இன்னா பாலோ அதே பாலுதான் டிப்போவுக்கும்" என்றாள். டிப்போவுக்கு இன்றைக்கு நிறையப் போயிற்று. ரைட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு லீவு கிடைத்ததும் வா. கையெழுத்துப் போடுகிற வீடு இது இல்லை, வேறு ஜில்லா. இங்கே நீ குடிக்கலாம். காக்கி நிஜாரைக் கழற்றாமல் அப்படியே கொட்டகைக்கு வா, சுட்டி அதற்கும் பழகட்டும். அன்றைக்கு இரண்டாவது செம்பை நீ பிடி.

உன் நைனா.